எதிரான ஆதாரம்

பதினேழு தடவை, என்றாள் ஏகவல்லி.
எர்ணாவூரிலிருந்து வருகிறவள்,
துறைமுகக் கேன்டீனில் மாவு கரைப்பவள்.
படுத்த பிறகு பதினேழு தடவை எழுந்துபோய்
சிலிண்டரின் கறுப்புக் குமிழைத்
தொட்டு, திருகி, மோந்து பார்த்துவிட்டு
வந்து படுக்கிறாள்.
பதினாறோடு நிறுத்தினால் என்ன, என்று கேட்டேன்.
"இன்னா மேடம், புள்ளைங்க தூங்குதில்ல?"

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி.
அலமாரியில் என் பாடப்புத்தகங்கள்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல
தோள் உரசி நிற்கின்றன.

முதலில் எடுத்தது தடித்த புத்தகம்.
அதன்படி குமிழ் என்பது குமிழ் இல்லை;
எப்போதோ மூடாமல் விட்ட வேறெதையோ
இப்போது மூடிக்கொண்டிருக்கிறாள்.
சின்ன வயதில் வீட்டில் யார் சமைப்பார்கள்?
"அப்போ ஸ்டவ்வு மேடம். கெரசின்."
அம்மாவைப் பற்றி?
"அம்மா நல்லாத்தான் கீது. முட்டி வலி."
ஐந்து வாரம் தோண்டினோம்.
கிடைத்தது, பத்தாம் வகுப்போடு நின்ற கணக்குப் பாடமும்
ஒரு தம்பியின் மஞ்சள் காமாலையும்.
அழுதாள், அது உண்மை.
அழுதுவிட்டுப் போன அன்றிரவு
இருபத்திரண்டு தடவை.

கொஞ்ச நாள் வெறும் கண்ணாடியாக இருந்தேன்.
"பயமா கீது" என்றால்
உங்களுக்குப் பயமாக இருக்கிறது, என்பேன்.
நாலாவது முறை
என் காது சரியாகக் கேட்கிறதா என்று
அன்பாக விசாரித்தாள்.
ஆனாலும் அந்த வாரங்களில்தான்
டிபன் பாக்ஸில் வடை கொண்டுவர ஆரம்பித்தாள்.
எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது இந்த வடையை.

குடும்பமே நோயாளி என்கிறது நீல அட்டை.
துரைக்கண்ணுவை வரச்சொன்னேன்.
டிரெய்லரை எண்ணூர் சாலை வரிசையில் விட்டுவிட்டு வந்தவர்
பத்து நிமிடம் நாற்காலி நுனியில் இருந்தார்.
"லைன் நகந்துடும் மேடம்."

பிறகுதான் தாள்.
நான் மிகவும் நம்பிய தாள்:
எண்ணம். ஆதாரம். எதிரான ஆதாரம்.
எண்ணத்தைக் கூண்டில் ஏற்று, சாட்சியைக் கூப்பிடு,
பயம் தலைகுனிந்து வெளியேறும்.

கொண்டுவந்தாள்.
கேன்டீன் கணக்கெழுதும் கையெழுத்தில்
எண்ணம்: கேஸ் நாத்தம் வருது.
ஆதாரம்: கேஸ் நாத்தம் வருது.
எதிரான ஆதாரம்
ஏழு நாளும் காலி.

யோசித்துப் பாருங்கள், என்றேன், பயிற்சி பெற்ற குரலில்.
எழுந்து போய்
ஏசிக்காக நான் சாத்தியே வைத்திருக்கும் ஜன்னலைத்
திறந்தாள்.

மணலிப் பக்கமிருந்து வந்தது,
அழுகிய முட்டையையும் சூடான தாரையும்
ஒரே துணியில் முடிந்ததுபோல.
பத்து வருடமாக இந்தத் தெருவில் என் மூக்கு
கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கும் வாட்ச்மேன்.
அவளுடையது இன்னும் டியூட்டியில்.

"இது நம்ம சிலிண்டரா, அவங்க டேங்கா,
ராத்திரில எப்டி மேடம் தெரியும்?
எந்திரிச்சிப் போயி தொட்டாத்தான் தெரியும்."

பதினேழு நோய்தான். மறுக்கவில்லை.
முதல் தடவை நோய் இல்லை.
இரண்டாவதும் இல்லையென்று வை.
எத்தனையாவதில் தெரு முடிந்து
ஏகவல்லி ஆரம்பிக்கிறாள்
என்பதற்கு எந்தப் பங்காளியும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை கீழே இறங்கி
தாளில் அளவுகோல் வைத்து
நான்காவதாக ஒரு கட்டம் கிழித்துக் கொடுத்தேன்.
கடைப் பையன் தாவீது எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"காற்று எந்தப் பக்கம்...
மேடம், இது போட்டுக்குப் போறவங்க ஃபாரமா?"
ஐம்பது காப்பி போடு, என்றேன்.

இந்த மாதத் தாள் இதோ இருக்கிறது.
கடல்காற்று ராத்திரி: மூணு.
மணலிக் காற்று: பதினாலு.
மழை பெய்த வியாழக்கிழமைக்கு நேரே
எண் இல்லை.
தூங்கிட்டேன் மேடம், என்று எழுதி
மேடத்தை மட்டும் அடித்திருக்கிறாள்.